சென்னைக்குக் குடிபெயரும் குடும்பங்களுக்கு: வீடும் பள்ளியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் என்று பல ஊர்களிலிருந்து பணிமாறுதலாகவோ புது வேலை கிடைத்தோ சென்னைக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள, வாடகை வீடு தேடுகிற குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

முதலில் வீடு பார்ப்பதா, பள்ளி பார்ப்பதா?

பள்ளி. இதில் எனக்கு ஐயமே இல்லை. அலுவலகத்துக்கு அருகில் வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சிய பிறகு பள்ளி தேடுகிறவர்கள்தான் அதிகம். முடிவில் சோழிங்கநல்லூரில் வீடும் அடையாற்றில் பள்ளியுமாக அமைந்துவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, காலை ஆறரை மணிக்கே வேனுக்காகத் தெருமுனையில் நிற்கிறது. மாலையில் வீடு திரும்பும்போது அதற்கு விளையாடத் தெம்பு இருப்பதில்லை. பெரியவர்கள் மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே போய்வரலாம், உடம்பு தாங்கும். அந்தப் பாரத்தைக் குழந்தையின் தோளில் ஏற்றக் கூடாது.

ஐந்தாம் வகுப்பு வரை நடந்து போகிற தூரம். அதற்கு மேல், மாறாமல் ஒரே பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள். இந்த அளவை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பள்ளிகளில் இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அந்தப் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு தேடுங்கள். வாடகை வீடு ஆண்டு முழுவதும் காலியாகிக்கொண்டே இருக்கும். நல்ல பள்ளியில் இடம் காலியாவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான்.

சென்னையில் எந்தப் பகுதி குடும்பத்துக்கு ஏற்றது?

இதுதான் ஏற்ற பகுதி என்று ஒரே பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குணம் உண்டு.

தெற்கத்திக் குடும்பங்களுக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகள் இயல்பாகவே பொருந்தும். கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில் தடம் இவற்றின் வழியாகத்தான் போகிறது. தென்மாவட்ட விரைவு ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, ஊருக்குப் போகிற பஸ்ஸும் பக்கத்தில் வந்துவிட்டது. வாடகை குறைவாக வேண்டும் என்றால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை போகலாம். அங்கே ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும். உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனால், வாடகையில் மிச்சம் பிடித்த பணம் ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடும்.

நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், மயிலாப்பூர் மூன்றும் பழைய குடியிருப்புகள். கோயில், காய்கறிக் கடை, மருத்துவர், டியூஷன் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். தாத்தா பாட்டி உடன் இருக்கிற வீட்டுக்கு இவற்றைத்தான் முதலில் சொல்வேன். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வாடகை அதிகம், தெருக்கள் குறுகல்.

அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் ஆகியவை திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. நேரான தெருக்கள், பூங்காக்கள், நிறையப் பள்ளிகள். அண்ணா நகர் வாடகை எட்டாது என்பவர்கள் முகப்பேர், வில்லிவாக்கம், அம்பத்தூர் பக்கம் பார்க்கலாம். பெரம்பூரை வெளியூர்க்காரர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை, எனக்கு அது வருத்தம். ரயில்வேயையும் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் சார்ந்து வளர்ந்த, பல தலைமுறைக் குடும்பங்கள் வாழ்கிற இடம் அது. பழைய பள்ளிகளும் ரயில் வசதியும் உண்டு. வடசென்னை என்ற பெயரைக் கேட்டதுமே ஒதுக்கிவிடாமல் ஒரு மாலை நேரம் அங்கே நடந்து பாருங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி முதல் நாவலூர் வரை புது அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. கணவன் மனைவி இருவருக்கும் அங்கேயே கணினி நிறுவன வேலை என்றால் அந்தப் பகுதி சரி. மற்றவர்கள் தண்ணீர்ச் செலவையும் போக்குவரத்து நெரிசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழையில் வெள்ளம் சூழ்கிற தெரு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. காரணம் ஒளிவுமறைவானது அல்ல. பள்ளிக்கரணை பெரிய சதுப்பு நிலம். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழிகிற தண்ணீர் அங்கே வந்துதான் கடலுக்குப் போகிறது. அது நிறைந்துவிட்டால் சுற்றியுள்ள தெருக்களில்தான் நிற்கும்.

பகுதியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பகுதியில் ஒரு தெரு காய்ந்து கிடக்கும், அடுத்த தெருவில் இடுப்பளவு நிற்கும். தெருவில் நின்று நிதானமாகப் பாருங்கள். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா? மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களா? வாசற்படி சாலையை விடத் தாழ்ந்திருக்கிறதா? பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதால் பல வீடுகள் இப்படிப் பள்ளத்தில் போய்விட்டன. புதிதாக வெள்ளையடித்த தரைத்தள வீடு என்றால் இன்னும் கவனம் தேவை.

வீட்டுக்காரரும் தரகரும் "இங்கே தண்ணீர் வரவே வராது" என்றுதான் சொல்வார்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரையும் மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள். "2015-இல் எதுவரை வந்தது, 2023-இல் எதுவரை வந்தது?" என்று ஆண்டைச் சொல்லிக் கேட்டால் முழங்கால், இடுப்பு என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்கிற தெருவில் அந்தப் பழக்கம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

முடிந்தவரை முதல் மாடி. முதியவர்களுக்காகத் தரைத்தளம்தான் வேண்டும் என்றால், மேடான தெரு என்று உறுதியாகத் தெரிந்த பிறகே.

தண்ணீர் எப்படி?

2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது. அதற்குப் பிறகு நல்ல மழை பெய்திருக்கிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலையும் 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. இருந்தாலும் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு.

மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குடிநீர் வாரியத்தின் குழாய் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா. குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தாலே கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். குளியலறைக் குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருந்தாலும் கடின நீர் என்று பொருள். பழைய சென்னையின் பல வீடுகளில் வாசலில் அடிபம்பு இருக்கும், வாரியத் தண்ணீரை அதில்தான் அடித்துப் பிடிப்பார்கள். அடிபம்பு பயன்பாட்டில் இருந்தால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது என்று நம்பலாம். லாரித் தண்ணீரை நம்பியிருக்கிற அடுக்குமாடிகளில், மாதப் பராமரிப்புக் கட்டணம் கோடையில் எவ்வளவு ஏறியது என்று அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா?

பிள்ளை இப்போது எதில் நன்றாகப் படிக்கிறதோ அதிலேயே தொடர்வது நல்லது. ஊர் மாறுவதே ஒரு சுமை, அதோடு பாடத்திட்டத்தையும் மாற்றுவது குழந்தைக்கு இரட்டைச் சுமை. சென்னைக்கு வந்துவிட்டோம், இனி சி.பி.எஸ்.இ. தான் கௌரவம் என்று நினைத்து மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றாம் மொழியைக் கவனியுங்கள். பல சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை இந்தியோ சமஸ்கிருதமோ உண்டு. ஊரில் இந்தியே படிக்காத பிள்ளை ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் திணறும். வயதும் பார்க்க வேண்டியது. மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். அதனால் ஒரு வகுப்பு கீழே போட நேரலாம்.

"சி.பி.எஸ்.இ. முறை" என்று மட்டும் பலகையில் எழுதியிருக்கிற பள்ளிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். இணைப்பு எண்ணைக் கேட்டு, சி.பி.எஸ்.இ. வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். எண் இல்லை, விண்ணப்பித்திருக்கிறோம் என்று பதில் வந்தால், உயர் வகுப்புக்கு வரும்போது பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா?

தாராளமாக. சென்னை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையின் பள்ளிகளும் நகரெங்கும் இருக்கின்றன. அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இடம் பிடிக்கப் பெற்றோர் எவ்வளவு முட்டி மோதுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். 2012-13 முதல் பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவு உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை ஊரில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ படித்துக்கொண்டிருந்தால், சென்னையில் தனியார் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதல், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்றவற்றில் 2021 முதல் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்றுதான் பார்க்கின்றன. இரண்டு ஆண்டு தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்த ஒதுக்கீடு கைநழுவிவிடும். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. அதற்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இதையெல்லாம் அறியாமல் மாற்றிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகு வருந்துகிற பெற்றோர் நிறையப் பேர்.

பள்ளியை நேரில் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

வரவேற்பறையில் அடுக்கி வைத்திருக்கிற கோப்பைகளையும் வாயிலில் தொங்குகிற மதிப்பெண் பதாகையையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பிள்ளைகளின் கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காலை பத்து மணிக்கு எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும், மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு பாருங்கள். தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குத் தேவையானவை இருக்கின்றனவா? கழிப்பறையைக் காட்டத் தயங்குகிற பள்ளியில் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

பிறகு மாலையில் பள்ளி விடுகிற நேரத்தில் எதிர்ப்பக்கம் கால்மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார்களா, வாயிற்காவலர் சின்னக் குழந்தைகளை யாரிடம் ஒப்படைக்கிறார் என்று பார்க்கிறாரா, சாலையைக் கடக்க யாராவது உதவுகிறார்களா என்பதெல்லாம் கண்ணுக்கு முன் தெரியும். காத்திருக்கிற தாய்மாரிடம் பேச்சுக் கொடுங்கள். ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்ற ஒரு கேள்வி போதும், பள்ளியின் நிலைமை விளங்கிவிடும்.

கட்டடப் பாதுகாப்பையும் கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, அங்கீகார ஆணை இவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை. மாடிப்படி எவ்வளவு அகலம், அவசர வழி பூட்டிக் கிடக்கிறதா என்று உங்கள் கண்ணாலும் பாருங்கள்.

நன்கொடை கேட்கிறார்கள், குழந்தைக்குத் தேர்வு வைக்கிறார்கள். இது சரியா?

சரியல்ல. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில் நன்கொடையையும் சேர்க்கைத் தேர்வையும் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன என்று கேளுங்கள். எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இலவச இடம் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கிடைக்குமா?

எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ, அதாவது அந்தப் பள்ளியின் நுழைவு வகுப்பில் மட்டும். ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் கீழ் உள்ள குடும்பங்களும் நலிவடைந்த பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்பதால், முகவரிச் சான்றைச் சென்னைக்கு மாற்றிவிட்டே விண்ணப்பிக்க முடியும்.

மாற்றுச் சான்றிதழை உடனே தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

கட்டணப் பாக்கியைக் காட்டிச் சான்றிதழை நிறுத்தி வைப்பது பல இடங்களில் நடக்கிறது. மாற்றுச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் சேர்ப்போம் என்று பள்ளிகள் வற்புறுத்தக் கூடாது, அதில் பாக்கி விவரத்தை எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் என்கிற கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒரு எண் உண்டு. பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கையில் காகிதச் சான்றிதழ் இருந்தும் ஊருக்கும் சென்னைக்குமாக அலைந்தவர்கள் உண்டு. சான்றிதழ் வாங்குகிற அன்றே, "எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று எல்லாவற்றிலும் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பிள்ளை பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்பு என்றால்?

மாற்றாதீர்கள். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதிலும் பதினொன்றிலும் பெயர் பதிவாகிவிடும். பத்திலும் பன்னிரண்டிலும் புதிதாகச் சேர பெற்றோரின் பணிமாறுதல் போன்ற காரணத்துக்கு ஆவணம் காட்ட வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்திலும் பொதுத்தேர்வு ஆண்டில் புது ஆசிரியர், புது நண்பர்கள் என்று தொடங்குவது கொடுமை. ஓராண்டு தாயும் பிள்ளையும் ஊரிலேயே இருக்கட்டும், அல்லது தாத்தா வீட்டில் தங்கிப் படிக்கட்டும்.

பள்ளிப் பேருந்தா, தனியார் வேனா?

நடக்கிற தூரத்தில் வீடு இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. இல்லாவிட்டால் பள்ளியின் பேருந்து. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகளும், ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் செய்கிற ஆய்வும் வந்தன. மஞ்சள் வண்ணம், உதவியாளர், அவசர வழி எல்லாம் கட்டாயம். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை எண் பலகை வேனிலும், ஆட்டோவிலும் எண்ணிக்கைக்கு மேல் ஏற்றுகிறார்கள், கேட்பார் இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு மாநகரப் பேருந்தில் இலவசப் பயண அட்டை இருக்கிறது.

எத்தனை மாத அட்வான்ஸ் கொடுப்பது?

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த விலக்கைப் பயன்படுத்தி ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேசிக் குறையுங்கள், குறைகிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள், பள்ளிக்கும் எரிவாயு இணைப்புக்கும் முகவரிச் சான்றாக அதுவே உதவும். வீட்டுக்குத் தனி மின்மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே வசூலித்தால் உங்களுக்கு வராது.

எந்த மாதத்தில் குடிபெயர்வது நல்லது?

மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் என்றால் மே மாதம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு ஒழுங்காகிவிடும், குழந்தைக்குத் தெருப் பிள்ளைகளோடு பழக நாலு வாரம் கிடைக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பெரும்பாலானவை கோடை விடுமுறைக்கு முன் ஏப்ரலிலேயே வகுப்பைத் தொடங்கிவிடுவதால், மார்ச் இறுதியில் வந்துவிட வேண்டும். எல்.கே.ஜி. சேர்க்கை மட்டும் பல தனியார் பள்ளிகளில் டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும்.

வேலை அக்டோபரிலோ நவம்பரிலோ தொடங்குகிறது என்றால் அதை வசதியாகவே எடுத்துக்கொள்ளலாம். வேலைக்கு வருகிறவர் மட்டும் முதலில் வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ உறவினர் வீட்டிலோ தங்கட்டும். அந்த வடகிழக்குப் பருவமழையில் ஞாயிறுதோறும் குடையோடு போய்த் தெருக்களைப் பார்க்கட்டும். பள்ளி விண்ணப்பங்களையும் அவரே வாங்கிவிடலாம். குடும்பம் பள்ளி ஆண்டு முடிந்ததும் வந்து சேரட்டும்.